யார் எழுதிக் கொடுத்தது?

மைக் என் நெற்றிக்கு நேராக இருந்தது.

இறக்கித் தரச் சொல்லி மைக் செட்காரரைப் பார்த்தேன். அவர் வந்து ஸ்டாண்டின் திருகை முறுக்கிப் பார்த்தார். உப்புக் காற்றில் துருவேறி அது இறுகிக் கிடந்தது. "அண்ணன்மாரு பேசுற ஒயரம்மா இது. நீ கொஞ்சம் எட்டிப் பேசிக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

எட்டித்தான் பேசினேன். குதிகாலைத் தூக்கி, தாடையை நிமிர்த்திக்கொண்டு பேசினால் யாருக்கும் குரல் கீச்சென்றுதான் வரும். என் முதல் வார்த்தைக்கே முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

திருவொற்றியூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த மைதானம் அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பும்போதெல்லாம் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வரும். எழுபதுகளின் தொடக்கம் என்று ஞாபகம். எந்த வருஷம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். போன வாரம் அப்பாவின் ரயில்வே வேலையைப் பற்றி எழுதியதற்கே என் வருஷக் கணக்கைத் திருத்தி வாசகர்கள் கடிதம் போட்டுவிட்டார்கள். என்னிடம் வருஷங்கள் இல்லை. வாடைகள்தான் இருக்கின்றன.

எங்கள் டப்பா கம்பெனித் தொழிற்சங்கத்தின் பொதுக்குழு அன்றைக்கு. ஆண்கள் மைதானத்தின் நடுவே உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கு ஓரத்துச் சுவர்தான் இடம். பாதிக் கூட்டத்தில் எழுந்துபோய் உலை வைக்க வசதியாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு காலத்தில் செய்த ஏற்பாடாம். எவ்வளவு கரிசனம் பாருங்கள்!

அந்தச் சுவரோரத்திலிருந்து எழுந்து மேடையில் விஷயம் பேசப் போன முதல் பெண் நான். அதற்கு முன்பெல்லாம் எங்களுக்கு நன்றி சொல்லும் வேலைதான் கிடைக்கும். பாதிப் பேர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டிருக்கும்போது பேசுகிற பேச்சு அது.

அன்றைக்கு நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. புஷ்பத்தின் வேலை.

ரெட்டை அடி

எங்கள் கம்பெனியில் தகர டப்பா செய்வார்கள். மூடி வெட்டும் பகுதியில் முழுக்கப் பெண்கள். தகட்டை அச்சுக்குள் வைத்து, கையை எடுத்துவிட்டு, கீழே இருக்கும் மிதியைக் காலால் அழுத்தினால் மேலிருந்து ஒரு அடி விழும். மூடி தயார். மிதிக்காமல் அடி விழக் கூடாது. ஆனால் பழைய மெஷின் சில சமயம் தன் இஷ்டத்துக்கு இன்னொரு அடி போடும். எங்களுக்குள் அதற்கு ரெட்டை அடி என்று பெயர்.

புஷ்பம் எர்ணாவூரிலிருந்து வருவாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். கைக்குழந்தை ஒன்று. ஒருநாள் காலை, வெட்டிய மூடியை எடுக்கப் போன அவள் கைமேல் இரண்டாவது அடி விழுந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

நான் அடுத்த மெஷினில் இருந்தேன். கீழே விழுந்த மூடிகளைப் பொறுக்கக் குனிந்திருந்த நேரம். என் கண்ணுக்கு நேரே அவள் கால்கள். இரண்டும் மிதியை விட்டுத் தள்ளித் தரையில் இருந்தன. வார் அறுந்த செருப்பில் ஊக்கு குத்தியிருந்தாள். அந்த ஊக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மேலே அலறல் கேட்டது.

கம்பெனி வேறு கதை சொன்னது. பக்கத்தில் இருந்தவளோடு பேசிக்கொண்டே கவனமில்லாமல் மிதித்துவிட்டாளாம். ஆகவே தப்பு அவளுடையது, வேலையும் கிடையாது.

பேசிக்கொண்டே வேலை செய்வார்கள் பெண்கள் என்பதுதான் அவர்களுடைய மொத்த வாதமும். கேட்டவர்கள் எல்லாரும் சட்டென்று தலையாட்டினார்கள். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. அந்தப் பகுதியில் மெஷின் ஓடினால் பக்கத்தில் இருப்பவளின் குரல் காதில் விழாது. நாங்கள் ஜாடையில்தான் தண்ணீரே கேட்போம்.

சங்கம் அவள் வழக்கை எடுத்தால் வழியுண்டு. ஆனால் சம்பளப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்காக எதற்கு முறைத்துக்கொள்வது என்று பலர் முனகினார்கள். பொதுக்குழுவில் வைத்து, கையைத் தூக்கச் சொல்லி முடிவு செய்யலாம் என்றார் எங்கள் செயலாளர் துரைக்கண்ணு அண்ணன். பார்த்த சாட்சி நான் ஒருத்தி.

அண்ணன் ஒரு யோசனையும் சொன்னார். "பேச்செல்லாம் இன்னாத்துக்கு பிலோமி? அந்தப் பொண்ண மேடைல ஏத்தி, கட்ட அவுத்துக் கைய காட்டச் சொல்லு. ஜனம் அய்துடும்."

புஷ்பம் பக்கத்தில்தான் நின்றாள். கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான் இன்னா பொருட்காச்சில வச்ச பொம்மயா? கைய காட்ட மாட்டேண்ணே. கண்ணால பாத்தவ இவ கீறா. இவ சொல்லட்டும். அத்த நம்புனா நம்பட்டும்."

கடலில் இருந்த சாட்சி

பெண் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். ராயபுரத்தில் வளர்ந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா?

என் அத்தை காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். அவள் ஒரு குரல் கொடுத்தால் கரையே திரும்பிப் பார்க்கும். கூடையைப் பார்த்து அவள் ஒரு விலை சொன்னால், மீசை வைத்த வியாபாரிகள் மறுபேச்சு பேசாமல் மடியை அவிழ்ப்பார்கள். 'அந்தம்மா சொன்னா சரியா இருக்கும்' என்பார்கள்.

அந்த அத்தை ஒருநாள் ரோட்டில் லாரி ஒன்று சைக்கிள்காரரை இடித்துவிட்டு நிற்காமல் போனதைப் பார்த்தாள். நம்பரைக்கூடச் சொன்னாள். சாட்சி சொல்லப் போன இடத்தில் ஒரு ஏட்டு, "வூட்டுக்காரர் இல்லையாம்மா? அவர வரச் சொல்லு" என்றார்.

"அவுரு கடலுக்குப் போயிருந்தாரு. நான்தான் பாத்தேன்."

"பரவால்ல. வந்ததும் கூட்டினு வா."

மாமா கரைக்கு வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அத்தை வழியெல்லாம் சொல்லிக் கொடுத்ததை அங்கே ஒப்பித்தார். எழுதிக்கொண்டார்கள். இடித்த நேரத்தில் மாமா நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை.

வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அத்தை மட்டும் சிரிக்க மாட்டாள்.

சாப்பாட்டு மணியில் ஒரு மேடை

துரைக்கண்ணு அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாய்லர் பகுதியில் வேலை. நல்ல மனிதர். தொண்டை இருக்கிறதே, அப்பப்பா! மைக் இல்லாமலே எண்ணூர் வரை கேட்கும். ஆனால் சொந்தமாகப் பேச வராது. முன்பு தமிழாசிரியர் ஒருவர் அவருக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மாற்றலாகிப் போனதும் அண்ணன் தவித்துப்போனார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். எங்கள் மாதா கோயிலில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியிருந்த சமயம், என்னை பைபிள் வாசகம் வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். பீடத்தருகே பெண் போகக் கூடாது என்று கம்பிக் கிராதிக்கு வெளியே நின்று வாசிப்பேன். ஏதோ ஒரு நூற்றாண்டில் ஓர் அப்போஸ்தலர் எழுதிய நிருபம். என்ன அழகாகப் படிக்கிறாள் என்று எல்லாரும் மெச்சுவார்கள். அடுத்தவர் எழுதியதை வாசிக்கிற வரையில் ஒரு பெண்ணின் குரலுக்குக் குறையே கிடையாது.

அதைக் கேள்விப்பட்ட அண்ணன் ஒருநாள் என்னிடம் வந்தார். "கொஞ்சம் எய்திக் குடேன் தங்கச்சி. வெளில தெரிய வாணாம்" என்றார். ஒப்புக்கொண்டேன். எனக்கும் ஆசைதான், மறைப்பானேன்.

சாப்பாட்டு மணி அடித்ததும் எங்கள் பகுதிப் பெண்கள் வட்டமாகக் குந்திச் சாப்பிடுவோம். எழுதியதை அங்கேதான் பேசிக் காட்டுவேன். கன்னியம்மா என்று ஒருத்தி, எங்களில் மூத்தவள், கையெழுத்துகூடப் போட வராது. கருவாட்டை மென்றுகொண்டே கேட்பாள். "தூ, இது நல்லால்ல. வாத்தியார் மாதிரி கீது" என்றால் அந்த வரியை எடுத்துவிடுவேன். "இத்த இன்னொருவாட்டி சொல்லு" என்றால் வைத்துக்கொள்வேன். ஒரு பேச்சு முடிவதற்குள் அத்தனை பேருக்கும் அது மனப்பாடமாகிவிடும்.

பிறகு கேட் மீட்டிங்கில் அண்ணன் அதைப் பேசுவார். விசில் பறக்கும். நாங்கள் தூக்குவாளியோடு ஓரமாக நின்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வோம். பெருமையாகவும் இருக்கும், வயிற்றெரிச்சலாகவும் இருக்கும்.

எது என்னுடைய பாஷை

அன்றைக்கு மைதானத்தில் நல்ல தமிழில்தான் ஆரம்பித்தேன். மேடைக்கு அதுதான் மரியாதை என்று பழகியிருந்தோம். மெஷின், மிதி, ரெட்டை அடி, புஷ்பத்தின் கால் இருந்த இடம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கூட்டம் அமைதியாகத்தான் கேட்டது. எனக்குக்கூட நம்பிக்கை வந்தது.

முடிக்கும்போது ஃபிட்டர் மாணிக்கம் எழுந்தார். கெட்டவர் இல்லை. என் மெஷின் பெல்ட் அறுந்தால் முதலில் ஓடி வருகிறவர்.

"நல்லாத்தாம்மா பேசுற. யார் எய்திக் குடுத்தது?"

சிரிப்பு எழுந்தது. "நானேதான் எழுதினேன்" என்றேன்.

"தோடா!" என்றது ஒரு குரல். "ஃபாதர் எய்திக் குடுத்தாரா?" என்றது இன்னொன்று. "வக்கீலா இருக்கும் மாமு" என்றது மூன்றாவது.

கையிலிருந்த தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகினேன்.

"இந்தா பாருங்க, தாள் இல்ல. இப்ப சொல்றேன் கேளுங்க. குனிஞ்சு மூடி பொறுக்கிகினு இருந்தேன். அவ காலு மிதிமேல இல்ல. தரையில கீது. என் ரெண்டு கண்ணால பாத்தேன். இதுக்குமேல இன்னா சொல்லணும் உங்களுக்கு?"

மாணிக்கம் விடவில்லை. "இதான் உன் பாஷ. அப்ப மொதல்ல பேசினது ஆரோடதும்மா?"

பாருங்கள் நியாயத்தை! நன்றாகப் பேசினால் அது என்னுடையது இல்லை. என்னுடையது போல் பேசினால், முன்பு பேசியது பொய். பின்வரிசையிலிருந்து ஒருவர், "வேலைய பாக்காம கால பாத்துகினு இருந்தியாம்மே?" என்றார். மைதானமே சிரித்தது.

துரைக்கண்ணு அண்ணனைப் பார்த்தேன். மேடையில், என்னிடமிருந்து ஓர் எட்டுத் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த சோடா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை போதும். 'இவர் பேச்சை எழுதுவதே நான்தான்' என்று நானே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் கம்பெனியோடு பேச இருந்த ஒரே ஆள் அவர். அந்த மேடையில் அவர் தலைகுனிந்தால், மறுநாள் கம்பெனி வாசலில் அவர் பேச்சு எடுபடாது. புஷ்பத்தின் வழக்கை யார் கொண்டுபோவது? வாயை மூடிக்கொண்டு இறங்கினேன். சுவரோரம் போய் உட்கார்ந்ததும் புஷ்பம் தன் இடது கையால் என் முதுகைத் தடவினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுவரோரத்துக் குரல்கள்

வாக்கெடுப்புக்கு முன் செயலாளர் முடிவுரை. சம்பளப் பேச்சுவார்த்தை பற்றியது. அதையும் நான்தான் எழுதியிருந்தேன். ஒரு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் பேசிப் பேசித் திருத்தியது.

அண்ணன் எழுந்தார். மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"டப்பாவுக்கு மூடி செய்கிறவர்கள் நாம்..."

கைதட்டலுக்காக ஒரு நொடி நிறுத்துவார். அது அவர் பழக்கம். அந்த ஒரு நொடியில் என் பக்கத்திலிருந்து கன்னியம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

"நம் வாய்க்கு மூடி செய்கிறவர்கள் அவர்கள்."

அண்ணன் திகைத்தார். அதுதான் அவர் சொல்ல வேண்டிய மீதி. சமாளித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனார்.

"கடலுக்கே கல்போட்டுக் கரை கட்டினவர்கள் நாம்..."

இப்போது நாலைந்து குரல்கள். "சொந்த வீட்டுக்குச் சுவர் எழுப்ப வழியில்லாதவர்களும் நாமே."

"வேணாம்மே, நிறுத்துங்க" என்று கன்னியம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் மூன்றாவது வாக்கியத்துக்கு வாயைத் திறப்பதற்குள் சுவரோரம் முழுக்க அதைச் சொல்லி முடித்துவிட்டது. சின்னப் பெண்கள்கூடச் சேர்ந்துகொண்டார்கள். எங்கே ஏற்றி எங்கே இறக்க வேண்டும் என்பது உட்பட எல்லாம் சரியாக இருந்தது.

ஆண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி எங்களைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கூட்டம் சுவர்ப்பக்கம் திரும்பியது அன்றைக்குத்தான்.

மாணிக்கம் எழுந்தார். "இன்னா நடக்குது இங்க? அண்ணன் பேசப்போறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கன்னியம்மா எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒரு வாரமா சாப்பாட்டு டயத்துல கேட்டுகினு கீறோம். இவ சொல்லி, நாங்க கேட்டு, நல்லால்லன்னா மாத்தி. உங்களுக்குத்தான் நைனா இது புச்சு. அண்ணனாண்ட ஒருவாட்டி கேளேன், ஆர் எய்திக் குடுத்தாங்கோன்னு. இத்தினி நாளு ஏன் கேக்கல?"

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். மழுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மைக்கில் அவர் குரலில் மேடைத் தமிழ் இல்லாமல் ஒரு பேச்சை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம்.

"நெசந்தான். ரெண்டு மூணு வருசமா நான் பேசுனதெல்லாம் பிலோமி எய்துனது. எனக்குத் தொண்ட கீது, வார்த்த இல்ல. நீங்க கை தட்டுனீங்க, விசில் அடிச்சீங்க, நம்புனீங்க. அத்தினியும் அவ சொன்னது. என் வாய்ல வந்தா நெசம், அவ வாய்ல வந்தா பொய்யா? அவ பாத்தேன்னு சொன்னா பாத்திருக்கா. அவ்ளோதான். அந்தப் பொண்ணு கேசுக்கு யாரெல்லாம் சரின்றீங்களோ கையத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. முதலில் சுவரோரம், பிறகு நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, பிறகு நிறைய. மாணிக்கம் தாமதமாகத் தூக்கினார், ஆனால் நன்றாக உயரத் தூக்கினார். என் பக்கத்தில் புஷ்பம் இடது கையைத் தூக்கியிருந்தாள். வலது கை முந்தானைக்குள்ளேயே இருந்தது.

சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. கோபமும் இருந்தது. கடைசியில் எனக்கும் ஒரு மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துதானே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது? இதை அண்ணனிடமே பின்னாளில் சொன்னேன். அவர் "கரீட்டுதான்" என்றார்.

பெட்டிமேல் நின்று

வழக்கு இழுத்துப் பறித்து ஒருவழியாக முடிந்தது. புஷ்பத்தை லேபிள் ஒட்டும் பகுதியில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பழைய மெஷினைப் பிரித்துப்போட்டார்கள்.

அடுத்த மே தினக் கூட்டத்துக்கு அண்ணன் வழக்கம்போலப் பேச்சு கேட்டு வந்தார். "நீங்க சுருக்கா நாலு வார்த்தை பேசுங்கண்ணே. மீதிய நானே பேசிக்கிறேன்" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார்.

கம்பெனி வாசலில் மேடை. மைக் ஸ்டாண்டின் திருகு அப்போதும் இறுகித்தான் கிடந்தது. அண்ணன் உள்ளே போய், மூடி அடுக்குகிற மரப்பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து கவிழ்த்துப் போட்டார். ஏறி நின்றேன். முதல் முறையாக மைக் என் வாய்க்கு நேராக வந்தது. என் குரல் இவ்வளவு கனமானது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

பாதிப் பேச்சில், டீக்கடைப் பக்கமிருந்து ஒரு குரல். புதிதாகச் சேர்ந்தவர் யாரோ.

"சோக்கா பேசுறம்மா! யார் எய்திக் குடுத்தது? துரைக்கண்ணு அண்ணனா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து புஷ்பம் எழுந்தாள். முந்தானைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தாள். யார் கேட்டும் காட்டாத அந்தக் கையை, டீக்கடை வரை தெரியும்படி தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

"நான்தான் எய்திக் குடுத்தேன். இந்தக் கையாலதான். இன்னான்ற இப்போ?"

புஷ்பம் கையை இறக்கவில்லை. நான் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தேன்.